கொட்டகைப் பாலிலிருந்து குடும்பச் சீஸ்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் தொடங்குகிறவர்களுக்கு

ஏற்கெனவே மாடு வைத்திருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். தாத்தா காலத்திலிருந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறீர்கள். பாகூர், வில்லியனூர், நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி என்று எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம் நிலம், நாலிலிருந்து பத்து வரை கறவை. இப்போது மகனோ மருமகளோ சீஸ் போடலாம் என்கிறார்கள். போடலாம். வாங்குவதற்கு ஆள் இருக்கிறது: புதுச்சேரி வெள்ளை நகரத்து உணவகங்கள், ஆரோவில், ஈசிஆர் ரிசார்ட்டுகள், பீட்சா கடைகள். ஆரோவில்லில் பல வருடங்களாகச் சீஸ் செய்கிறார்கள் என்பதால், இந்த வெயிலில் இது நடக்குமா என்ற சந்தேகமும் வேண்டாம். மாடே இல்லாமல் பால் வாங்கிச் செய்ய நினைப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியவை

இந்தத் தொழிலில் பாலுக்கு முன்னால் கெடுவது கணக்கு. சொசைட்டிப் பட்டுவாடா தவணை தவறாமல் கைக்கு வரும் காசு. மளிகை, பள்ளிக் கட்டணம், பெரியவர்களின் மாத்திரை எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. சீஸில் இன்றைய பால் இரண்டு மாதம் கழித்துத்தான் விற்பனைக்கு வரும். உணவகத்துக்காரர் அதற்குமேல் ஒரு மாதம் கடன் சொல்வார். அதனால் முதல் வருடம் பாலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சீஸுக்குத் திருப்பாதீர்கள். மீதி வழக்கம்போல கேனில் போகட்டும்.

இரண்டு நோட்டுப் போடுங்கள், கொட்டகைக்கு ஒன்று, சீஸ் அறைக்கு ஒன்று. சீஸ் அறை எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் சொசைட்டி விலையைக் கொட்டகை நோட்டுக்கு ரொக்கமாகக் கட்ட வேண்டும், அதுவும் அதே பட்டுவாடா நாளில். 'வீட்டுப் பால்தானே' என்று இலவசமாக எடுக்க ஆரம்பித்தால் சீஸ் லாபம் போலத் தெரியும், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கக் காசிருக்காது. கெட்டியான சீஸ் ஒரு கிலோவுக்குப் பசும்பால் சுமார் 10 லிட்டர் பிடிக்கும். லிட்டர் 38 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பாலுக்கு மட்டும் 380 ரூபாய். கேஸ், பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான கல்ச்சர், மின்சாரம், முதிரும்போது குறையும் எடை, கெட்டுப்போய்க் கொட்டுவது, செய்கிறவர் கூலி எல்லாம் அதன் மேல் ஏறும். இந்தக் கூட்டலைப் போடாமல் கடை விலையைப் பார்த்து விலை வைக்கிறவர்கள்தான் இரண்டாம் வருடம் காணாமல் போகிறார்கள்.

கூலி என்று சொன்னதைக் கவனியுங்கள். சீஸ் அறை வேலை பெரும்பாலும் மருமகள் தலையில் விழுகிறது. அவருக்கு மாதச் சம்பளம் எழுதி, அவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். 'எல்லாம் குடும்பத்துக்குத்தானே' என்கிற வீடுகளில், அந்தப் பெண் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிற அன்று சீஸ் நின்றுவிடும். மாற்று ஆளுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற கணக்கே யாரிடமும் இருக்காது.

அடுத்து, இன்றைய பால் சீஸுக்கு ஆகுமா என்று சொல்லும் அதிகாரம். அதைக் கறக்கிறவரிடம் கொடுங்கள், அநேகமாக அது அத்தையோ அப்பாவோதான். எந்த மாடு சினைப்பருவத்தில் இருக்கிறது, எதற்கு நேற்று ஊசி போட்டார்கள், எது தீவனம் சரியாக எடுக்கவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் வேண்டாம் என்றால் அன்று சீஸ் கிடையாது. ஆர்டர் இருக்கிறது என்று மகன் வாதாடக் கூடாது.

நிலம் தாத்தா பேரில் பட்டா இருந்தால், அறை கட்டுவதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். வங்கி கேட்கும் என்பது ஒரு பக்கம். கல்யாணமாகிப் போன அத்தைமாருக்கும் அக்காமாருக்கும் அதில் பங்குண்டு என்பது இன்னொரு பக்கம். தமிழ்நாட்டில் 1989 முதலும் நாடு முழுக்க 2005 முதலும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. லாபம் வந்த பிறகு பேசுவதைவிட செங்கல் இறங்கும் முன் பேசுவது எளிது.

மாடும் தீவனமும்

ஜெர்சிக் கலப்பு இந்தப் பக்கத்துக்குத் தோது. எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு பால் அதிகம் தரும், ஆனால் கொழுப்புக் குறைவு, கத்திரி வெயிலில் மூச்சிரைத்து நின்றுவிடும். சீஸுக்கு லிட்டரைவிடக் கொழுப்பும் புரதமும்தான் முக்கியம். எருமை இருந்தால் நல்லது. அதே அளவு பாலில் கூடுதல் மொசரெல்லா கிடைக்கும்.

பசுந்தீவனத்துக்கு கோ-4, கோ-5 கம்பு நேப்பியரும் வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் போதும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் அதன் நுனித்தழையான கொழுந்தாடை சும்மா கிடைக்கிறதென்று அதையே கொட்டாதீர்கள். தாது உப்புக் கலவையும் புரதமும் சேர்க்காவிட்டால் பால் மெலிந்துவிடும்.

புண்ணாக்கு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மாவட்டம் மணிலாக்கொட்டை விளைகிற பூமி, கடலைப் புண்ணாக்கு எளிதாகக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதில் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. மாடு அதைத் தின்றால் ஒரு பங்கு உருமாறிப் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. அது பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், 10 லிட்டரை ஒரு கிலோவாகச் சுருக்கும்போது சீஸில் இன்னும் செறிவாகிறது. எனவே மழைக்காலத்தில் புண்ணாக்கைப் பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள். மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். பச்சை பூத்த மூட்டையை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்ற பழைய பழக்கத்தை இந்த விஷயத்தில் விட்டுவிட வேண்டும். பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

மடிநோய்தான் அடுத்த எதிரி. நோய் வெளியே தெரியாத நிலையிலேயே உறைவின் தரம் கெட்டு, கிலோ குறையும். மாதம் ஒருமுறை நாலு காம்பிலும் சிஎம்டி எனும் மடிநோய்ச் சோதனை செய்யுங்கள். கறக்கும் முன் முதல் பீச்சுகளைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள், திரி விழுந்தால் அந்த மாட்டை ஒதுக்குங்கள். ஆரம்ப நிலைக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் மூலிகை வைத்தியம் தமிழகக் கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைப்பது. நாளில் பலமுறை, ஐந்து நாள் பூச வேண்டும். காய்ச்சல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆண்டிபயாட்டிக் ஊசி போட்டால், பெட்டியில் எழுதியிருக்கும் நாள் முடியும்வரை அந்தப் பால் சீஸுக்கும் ஆகாது, சொசைட்டிக்கும் ஆகாது. கல்ச்சரில் உள்ள நுண்ணுயிரை அந்த மருந்து கொன்றுவிடும். புளிக்க வேண்டிய பால் புளிக்காது. புளிப்பேறாத பாலில் வேண்டாத கிருமி வளரும். சந்தேகமென்றால் பாட்டி செய்கிற சோதனையே போதும்: ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி ஆற்றி உறை ஊற்றி வையுங்கள். மற்ற மாட்டுப் பால் தோய்ந்து, இது மட்டும் தோயாமல் நின்றால் விஷயம் புரிந்துவிடும். சோதனைப் பட்டைகளும் கிடைக்கின்றன.

கோமாரித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் புரூசெல்லோசிஸ் தடுப்பூசி ஒரே ஒருமுறை போட வேண்டும். காய்ச்சாத பாலின் வழியாக மனிதர்களுக்கும் தொற்றும் நோய் அது. பச்சைப் பாலில் செய்த ஐரோப்பியச் சீஸ்களைப் பற்றிப் படித்துவிட்டு அதேபோல் செய்ய ஆசைப்படும் இளவட்டங்களுக்கு இதை ஒருமுறை சொல்லிவையுங்கள்.

அறை

கொட்டகைக்கும் சீஸ் அறைக்கும் நடுவில் வாசல் வேண்டும், செருப்பு மாற்ற வேண்டும். கொட்டகையில் நின்றவர் குளித்து, வேறு துணி உடுத்தித்தான் உள்ளே வர வேண்டும். தரை வழுக்காத டைல்ஸ், சுவரில் ஆள் உயரத்துக்கு டைல்ஸ், ஜன்னலுக்கு வலை. பாத்திரம் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினியம் வேண்டாம், புளிப்பும் உப்பும் அதை அரிக்கும். தேங்காய், ஊறுகாய், இட்லிமாவு எதற்கும் அந்த அறைக்குள் இடமில்லை.

முதிர்வு அறை 12 முதல் 14 டிகிரி, ஈரப்பதம் 80 முதல் 85 சதவீதம். சாதாரண ஏசி அவ்வளவு கீழே இறங்காது. சிறிய அளவுக்குப் பழைய பாட்டில் கூலரும் வெளியில் பொருத்தும் தெர்மோஸ்டாட்டும் போதும். பெரிதாகும்போது வெப்பம் புகாத பஃப் பேனல் அறை போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கரையில் அறையைப் பற்றிய பெரிய கவலை புயல். தானே 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கடந்தது. தானேவுக்குப் பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விற்பனைக்காக முதிர்வு அறை நிறைந்திருப்பதும் இதே மாதங்களில்தான் என்பதை யோசியுங்கள். அறையின் தரைமட்டத்தை, தென்பெண்ணையோ கெடிலமோ பெருகினால் வெள்ளம் வரும் என்பதை நினைவில் வைத்து, கொட்டகையைவிட உயர்த்துங்கள். ஐப்பசி பிறக்கும்போதே ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து டீசல் வாங்கி வையுங்கள். எச்சரிக்கை வந்ததும் மென்மையான சீஸ் எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். மெழுகு பூசிய கெட்டிச் சீஸ் இரண்டு மூன்று நாள் தாங்கும், புது மொசரெல்லா தாங்காது.

எதில் தொடங்குவது

பனீர் தெரியும் என்பதால் பனீரில் கைபழகுங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். போட்டி அதிகம். அடுத்து உப்புநீரில் ஊறும் ஃபெட்டா வகை. ஆட்டுப்பால் கிடைத்தால் அதற்கு நல்ல விலை. மொசரெல்லாவுக்கு எப்போதும் தேவை இருக்கிறது, கைவேலையும் அதிகம்: உறைவின் புளிப்பு பிஹெச் 5.2-க்கு வரும் நேரம் பார்த்து வெந்நீரில் இழுக்க வேண்டும். முந்தினால் கிழியும், பிந்தினால் கரையும். குடும்பமாகச் செய்ய ஏற்றது என்று நான் சொல்வது டச்சு நாட்டுக் கெட்டிச் சீஸான கௌடா வகை. அவசரமில்லை, ஒரு நாள் தவறினாலும் மன்னிக்கும், மெழுகுக்குள் பத்திரமாக இருக்கும். 20 லிட்டரில் செய்முறை இது:

1. காலைக் கறவைப் பாலை உடனே வடிகட்டி 63 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். வெப்பமானியும் கடிகாரமும் நோட்டும் அருகில் இருக்கட்டும். கொதிக்கவிட்டால் பால் சரியாக உறையாது.

2. பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி 32 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கால்சியம் குளோரைடு 4 கிராம் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். மிதமான சூட்டில் வேலை செய்யும் மீசோஃபிலிக் கல்ச்சரைத் தூவி, கலக்கி, முக்கால் மணி நேரம் விடுங்கள்.

3. பாலை உறையவைக்கும் நொதியான ரென்னெட்டில் நுண்ணுயிர் வகையைப் புட்டியில் சொன்ன அளவு எடுத்து, காய்ச்சி ஆறிய நீரில் கலந்து ஊற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் ரென்னெட்டின் வேகத்தைக் கெடுக்கும். ஒரு நிமிடம் மேலும் கீழுமாகக் கலக்கி அசைவை நிறுத்துங்கள். அதன்பின் பாத்திரத்தைத் தொடக் கூடாது.

4. 30 முதல் 45 நிமிடத்தில் கத்தியைச் சாய்த்துச் செருகித் தூக்கினால் தெளிவாகப் பிளக்க வேண்டும். பிளவில் பச்சை நிறத்தில் தெளிநீர் ஊறினால் தயார். குழைந்தால் இன்னும் பொறுங்கள்.

5. ஒரு சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டி ஐந்து நிமிடம் விட்டு, மெதுவாகக் கிளறுங்கள். தெளிநீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, காய்ச்சிய வெந்நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி 38 டிகிரிக்கு ஏற்றுங்கள். இந்தக் கழுவல்தான் கௌடாவின் இனிப்புக்குக் காரணம்.

6. கையில் பிடித்தால் ஒட்டி, தேய்த்தால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் துணி விரித்த அச்சில் அடைத்து முதலில் லேசாகவும் பிறகு கனமாகவும் பாரம் வைத்து, இரவு முழுக்க விடுங்கள்.

7. மறுநாள் 4 லிட்டர் நீருக்கு 1 கிலோ உப்பு கலந்த உப்புநீரில், அரைக்கிலோவுக்கு மூன்று நான்கு மணி நேரம் என்ற கணக்கில் மிதக்கவிட்டு, நடுவில் திருப்புங்கள். உப்புநீரில் கொஞ்சம் கால்சியம் குளோரைடும் வினிகரும் சேர்க்காவிட்டால் மேல்பரப்பு வழவழத்துவிடும். மரக்காணம் உப்பளம் பக்கத்தில் இருக்கிறதென்று கல்லுப்பை அப்படியே கொட்டாதீர்கள். கரைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டுங்கள்.

8. குளிர்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி மெழுகு பூசி, தேதி எழுதி, இரண்டு மாதம். முதல் சில வாரம் தினமும் திருப்பிவைக்க வேண்டும். இது பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கேற்ற வேலை, கையைக் கழுவச் சொன்னால் போதும்.

ஒரே நாளில் சீஸ் பந்தாக ஊதி உள்ளே சல்லடைபோல் துளை விழுந்தால் அது சாணக் கிருமி. வெட்டிவிட்டு விற்கப் பார்க்காதீர்கள், குழியில் போடுங்கள். கறக்கும் இடத்துக்குத் திரும்பிப் போய்க் காரணம் தேடுங்கள்.

தெளிநீரை எங்கே விடுவது

20 லிட்டர் பாலில் சுமார் 18 லிட்டர் தெளிநீராக வடியும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தாலும் வீட்டுச் சாக்கடை நீரைவிட நூறு மடங்குக்கு மேல் ஆக்சிஜனைக் குடிக்கும். வாய்க்காலில் விட்டால் ஏரி மீன் மிதக்கும், ஊர் உங்கள் வீட்டுக்கு வரும். புளிக்காத தெளிநீரை 85 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கொஞ்சம் வினிகர் விட்டால் ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸ் கிடைக்கும். மீதியைத் தவிட்டில் கலந்து மாட்டுக்குக் கொடுங்கள். சில நாளாகச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள், திடீரென்று நிறைய ஊற்றினால் வயிறு உப்பும்.

காகித வேலை, எல்லை, விற்பனை

உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறிய அளவுக்குப் பதிவு, பெரிதானால் உரிமம். 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும், கூடவே தொகுதி எண், செய்த தேதி, எடை, விலை, பச்சைக் குறி. கன்றின் இரைப்பையில் எடுத்த ரென்னெட் போட்டால் பச்சைக் குறி போட முடியாது. நுண்ணுயிர் ரென்னெட்டுக்கு இது இன்னொரு காரணம்.

கடலூர்க்காரர்கள் தவறவிடும் விஷயம் முள்ளோடையில் இருக்கிறது. அந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு மாநிலம். சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்றால் ஜிஎஸ்டி பதிவுக்கு வரம்பு உண்டு: தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். வரிக்குட்பட்ட பொருளை மாநிலம் தாண்டி விற்றால் முதல் பொட்டலத்துக்கே பதிவு கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் சீஸுக்கு 5 சதவீத வரி, பொட்டலமிட்ட பனீருக்கு வரி இல்லை. கடலூரிலிருந்து 25 கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு கஃபேக்கு ஐஸ்பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுபோகும் இரண்டு கிலோ சீஸுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் சட்டம் அதுதான்.

சமையல்காரர்களுக்கு ருசியைவிட முக்கியம், போன வாரம் வந்தது மாதிரியே இந்த வாரமும் வருவது. அதனால் மூன்று நாலு இடங்களோடு நிறுத்தி, வாரத்தில் ஒரே நாளில் கொடுங்கள். கடன் பதினைந்து நாளுக்கு மேல் போனால் அடுத்த பொட்டலத்தை நிறுத்துங்கள். சங்கடப்பட்டால் அந்த வேலையைச் சங்கடப்படாத சித்தப்பாவிடம் விடுங்கள், எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். சென்னை, பெங்களூர் கார்கள் வரும் வார இறுதிகளும் மார்கழி மாதமும்தான் நல்ல விற்பனை. அதற்கான கௌடா ஆவணி, புரட்டாசியில் அச்சில் ஏறியிருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் பால் குறையும், அறையைக் குளிரவைக்கும் செலவு ஏறும். அப்போது அளவைக் குறைத்துப் பாத்திரங்களையும் அறையையும் பழுதுபாருங்கள்.

கற்றுக்கொள்ள

விருத்தாசலத்திலும் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. தீவனம், தாது உப்பு, பயிற்சி பற்றி அங்கே கேட்கலாம். மாட்டு நோய்க்கு அதே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். பால் பதப்படுத்தும் தொழில்நுட்பத்துக்குச் சென்னை அருகே கொடுவள்ளியில் உள்ள உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியை அணுகுங்கள். போகும்போது சீஸ் அறை ஆளை மட்டும் அனுப்பாமல், கறக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுத்தமான புட்டியில் அன்றைய பாலும், நீங்கள் போட்ட சீஸில் ஒரு துண்டும், வெப்பநிலை எழுதிய நோட்டும் ஐஸ்பெட்டியோடு இருந்தால் அங்குள்ளவர்கள் பேசுவது உங்கள் மாட்டைப் பற்றியதாக இருக்கும்.